பல மாதம் நின்ற கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? சந்தேகங்களும் விளக்கங்களும்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளிலும், பணி மாறுதலில் வெளியூர் போனவர்களின் வீடுகளிலும் உறை போர்த்திய கார் மாதக்கணக்கில் நிற்பதைத் தமிழ்நாட்டில் இன்று எந்த ஊரிலும் பார்க்கலாம். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வந்தவர்கள் உறையை விலக்கிச் சாவியைத் திருப்புகிறார்கள். வண்டி எழுந்திருப்பதில்லை. அடுத்த பத்து நிமிடத்தில் செய்வதுதான் பெரும்பாலும் செலவை ஏற்றிவிடுகிறது: விடாமல் செல்ஃப் அடிப்பது, தெருவில் இறக்கித் தள்ளுவது, யாரோ சொன்னார் என்று புது பேட்டரி வாங்கி மாட்டுவது. நின்றதால் கெட்டது ஒரு பொருளாக இருக்கும். அவசரத்தில் கெடுத்தது அதற்கு மேல் இருக்கும். எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தவருக்குப் பாதிச் செலவு மிச்சம். அதனால் இதுபற்றி அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு அந்த வரிசையிலேயே விளக்கம் தருகிறோம்.

ஏழெட்டு மாதம் நின்ற காரை எடுக்கப் போகிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

சாவியைத் தொடாமல் பானெட்டைத் திறக்க வேண்டும். அதற்கும் முன்னால் மேலே நாலு தட்டுத் தட்டுங்கள். மழைக்காலமாக இருந்தால் உள்ளே பாம்பு ஒதுங்கியிருக்கலாம்.

நம் ஊரில் நின்ற வண்டிக்கு முதல் எதிரி எலி. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளை விடுவித்து மூடியைத் தூக்கிப் பாருங்கள். பானெட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் பஞ்சு அட்டையைப் பிய்த்துக் கொண்டுவந்து, தேங்காய் நார், பிளாஸ்டிக் பைத் துணுக்கு, துணிக் கிழிசல் எல்லாம் சேர்த்து ஃபில்டர் மேலேயே கூடு கட்டியிருப்பது சாதாரணம். அதோடு ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குக் காற்று போகாது. ஃபில்டரை எலி ஓட்டை போட்டிருந்தால் குப்பை நேராக உள்ளே போகும்.

அடுத்து ஒயர்கள். எலி கடித்த ஒயர் எப்போதும் அறுந்து தொங்காது. இன்ஜெக்டருக்குப் போகும் மெல்லிய ஒயர்களை விரலால் மெதுவாகத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கம் மேலுறை மட்டும் சீவப்பட்டு உள்ளே செம்புக் கம்பி பளிச்சென்று தெரியும். அப்படி இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால், சாவி போட்ட நொடியில் ஃபியூஸ் போகும். கெட்ட நேரமென்றால் காரின் கம்ப்யூட்டரே போகும். அது பல ஆயிரம் ரூபாய்ப் பொருள். கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள். எலியின் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவு பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. கூலன்ட் அளவு, தரையில் எண்ணெய்க் கறை, பெட்ரோல் வாடை ஆகியவற்றையும் கவனியுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் மெக்கானிக் வந்து குழாயைப் பார்க்கும்வரை பேட்டரி இணைப்பைக்கூடத் தொட வேண்டாம்.

வண்டி ஓடவே இல்லை. விளக்கு எதையும் போட்டுவிட்டுப் போகவும் இல்லை. பேட்டரி எப்படிக் காலியாகும்?

வண்டி தூங்கினாலும் அதற்குள் சில பொருள்கள் விழித்திருக்கும். திருட்டுத் தடுப்பு அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கடிகாரம், கம்ப்யூட்டரின் நினைவகம், பிற்பாடு மாட்டிய ஜிபிஎஸ் கருவி, டேஷ் கேமரா எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள காரில் இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருப்பது இயல்பு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வீதம் எடுத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, 30 நாளில் 21-க்கும் மேல். அதாவது, புத்தம்புது பேட்டரியாகவே இருந்தாலும் ஒரு மாதத்தில் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஏழு வாரத்தில் ஒன்றும் மிஞ்சாது. இதற்கு மேல் பேட்டரி தானாகவே இழப்பதும் உண்டு. வெயில் ஏற ஏற அந்த இழப்பு கூடும். மே மாதம் மொட்டை வெயிலில் நின்ற வண்டிக்கும் நிழலில் நின்ற வண்டிக்கும் இதில் நல்ல வித்தியாசம் தெரியும்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது இதை நாடே அனுபவித்தது. நேற்றுவரை ஓடிய கார்கள் இரண்டு மாதம் கழித்து ஒரே நேரத்தில் முரண்டு பிடித்தன. அவை கெட்டுப்போன கார்கள் அல்ல. பெரும்பாலானவை சார்ஜ் இறங்கிய கார்கள்தான்.

சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று மட்டும் கேட்கிறது. பேட்டரி போய்விட்டதா?

இந்தக் கேள்விக்குப் பதில் சத்தத்திலேயே இருக்கிறது. எந்த மாதிரிச் சத்தம் என்று சரியாகச் சொன்னால் போதும், அனுபவமுள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியன் போனிலேயே பாதிப் பழுதைச் சொல்லிவிடுவார். ஆகவே ரேடியோ, ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரே ஒரு முறை சாவியைத் திருப்பிக் கேளுங்கள்.

வேகமாக 'டகடகடக' என்று தொடர்ந்து அடித்தால், செல்ஃப் மோட்டாரை இழுத்துச் சேர்க்கும் சுவிட்ச் சேர்வதும் விடுவதுமாகத் தவிக்கிறது என்று பொருள். சேர்வதற்குத் தேவையான அளவு மின்சாரம் இருக்கிறது. மோட்டார் சுற்றத் தொடங்கியதும் வோல்டேஜ் சரிந்து விட்டுவிடுகிறது. பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பிடிப்பு சரியில்லை. இரண்டும் மலிவான பழுதுகள்.

ஒரே ஒரு 'டக்', பிறகு அமைதி. இங்கே ஹெட்லைட்டைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். ஹெட்லைட்டைச் சுவரில் படும்படி எரியவிட்டு மீண்டும் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல். வெளிச்சம் குறையாமல் பிரகாசமாகவே இருந்தால் மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் ஒட்டிக்கொண்டிருக்கலாம், சுவிட்ச் பழுதாகியிருக்கலாம். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மோட்டாரின் உடம்பில் ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டினால் சில சமயம் எடுத்துவிடும். பட்டறைவரை போய்ச் சேர மட்டும்தான் அந்த வைத்தியம்.

பேட்டரி நன்றாக இருந்தும், 'டொம்' என்று ஒரு கனத்த சத்தம் வந்து விளக்குகள் கடுமையாக மங்கினால் நிறுத்திவிடுங்கள். மோட்டார் முயல்கிறது, இன்ஜின் சுற்ற மறுக்கிறது. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார் நல்ல மெக்கானிக். கையால் சுற்றாத இன்ஜினைச் செல்ஃபால் சுற்றவைக்க நினைப்பது, கெட்டதை உடைப்பதாகத்தான் முடியும்.

சத்தமே இல்லை, மீட்டர் போர்டில் விளக்குகள் மட்டும் நன்றாக எரிகின்றன என்றால் அனுமதி கிடைக்கவில்லை என்று பொருள். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் 'பி' அல்லது 'என்'-இல் இருக்க வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் கிளட்ச் அல்லது பிரேக்கை முழுதாக மிதிக்க வேண்டும். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பல நாள் நின்ற காரில் பிரேக் பூஸ்டரின் வெற்றிடம் போய்விடுவதால் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகியிருக்கும். மெதுவாக மிதித்தால் அடியிலுள்ள சுவிட்ச் வேலை செய்யும் அளவுக்குப் பெடல் இறங்காது. காலை ஊன்றி அழுத்தமாக மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால், ஏதோ பெரும் பழுது என்று நினைத்த வண்டி சட்டென்று எடுத்துவிடும்.

கடைசியாக ஒரு சத்தம்: வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றுவது. டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பெல்ட் போட்ட இன்ஜின்கள் பலவற்றில் அந்த நிலையில் மேலும் மேலும் சுற்றினால் வால்வுகள் வளையும்.

பேட்டரியை மாற்ற வேண்டுமா, சார்ஜ் செய்தால் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளக்காமல் மாற்றாதீர்கள். எலெக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற நிலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் செல்ஃப் எடுப்பது சந்தேகம். இது சார்ஜ் அளவு மட்டும்தான், பேட்டரியின் ஆரோக்கியம் அல்ல. முழு சார்ஜ் ஏற்றிய பிறகு ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது.

மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன் டெர்மினலைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் தூள் எல்லோர் கண்ணிலும் படும். கண்ணில் படாதது கிளாம்ப்பின் உட்புறம்: ஈயத் தூணுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம். வெளியே பார்க்க இறுக்கமாக, சுத்தமாக இருக்கும். கையால் அசைத்தாலும் அசையாது. ஹெட்லைட் எரிவதற்குத் தேவையான சில ஆம்பியரை அந்தப் படலம் விட்டுவிடும். செல்ஃபுக்கு வேண்டியது நூறு ஆம்பியருக்கும் மேல், அதை விடாது. உப்புத்தாளால் இரண்டு பக்கமும் ஈயம் மின்னும்வரை தேய்த்து, வெளிப்பூச்சை ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்டி மேலே வாசலின் தடவினால் முடிந்தது. கழற்றும்போது மைனஸை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். புது பேட்டரி மாட்டியதும் வண்டி எடுத்த பல சம்பவங்களில், உண்மையில் வண்டியை எடுக்கவைத்தது கழற்றி மாட்டும்போது நடந்த இந்தச் சுரண்டல்தான்.

சார்ஜ் ஏற்றுவதைக் கடையில் மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மூன்று, மூன்றரை ஆம்பியர் வீதம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பல மாதம் காலியாகவே கிடந்த பேட்டரியில் ஈயத் தகடுகள் மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்படியானது ஒரு நாள் ஏறும், மறுநாள் இறங்கும். நான்கு வருடம் தாண்டிய பேட்டரி என்றால் அதோடு போராட வேண்டாம். பழையதைக் கடையில் கொடுத்தால் ஈயத்துக்கான விலையைக் கழித்துக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கேபிள் போட்டு எடுக்கலாமா?

தாராளமாக. வரிசை மட்டும் முக்கியம். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். சிவப்புக் கேபிளை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் மறுமுனையைச் செத்த பேட்டரியின் மைனஸில் மாட்டக் கூடாது, அந்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதி ஒன்றில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது.

உதவிக்கு வந்த வண்டியை ஐந்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம்; அரை நிமிடம் ஆறவிட்டு அடுத்தது. எடுத்ததும் மாட்டியதற்குத் தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள். லாரியிலிருந்து எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க: கனரக லாரிகள் 24 வோல்ட். காரின் மின்னணுப் பொருள்கள் மொத்தமாக எரிந்துவிடும்.

நாலு பேர் தள்ளினால் எடுத்துவிடாதா?

ஆட்டோமேட்டிக் காரில் முடியாது. கியர் காரில், பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருந்தால் எடுக்கும். முழுதாகச் செத்திருந்தால் எடுக்காது. இன்றைய இன்ஜெக்ஷன் கார்களில் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் மூன்றும் பேட்டரியை நம்பியே இருக்கின்றன. மீட்டர் போர்டில் விளக்கே எரியாத காரைத் தெரு முழுக்கத் தள்ளினாலும் தள்ளுபவர்களுக்கு மூச்சிரைப்பதுதான் மிச்சம். பேட்டரி நன்றாக இருந்து வேறு காரணத்தால் எடுக்காத வண்டியைத் தள்ளுவது இன்னும் மோசம். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் சேர்ந்து, பிறகு அங்கே எரிந்து அதைக் கெடுக்கும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. இப்போது என்ன?

பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மூன்றும் குற்றமற்றவை, அவற்றை விட்டுவிடுங்கள். இனி பார்க்க வேண்டியவை பெட்ரோல், தீப்பொறி, சாவியின் அனுமதி.

அனுமதியை முதலில் பாருங்கள், ஏனென்றால் செலவில்லாதது. மீட்டர் போர்டில் சாவி படமோ பூட்டு படமோ விடாமல் சிமிட்டினால், சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை. சில கார்களில் செல்ஃப் சுற்றும், பெட்ரோல் போகாது. சிலவற்றில் செல்ஃபே சுற்றாது. மற்றொரு சாவி இருந்தால் அதைப் போடுங்கள். கடையில் வெட்டிய சிப் இல்லாத நகல் சாவி கதவைத் திறக்கும், இன்ஜினை எடுக்காது. பட்டன் ஸ்டார்ட் கார் என்றால், சாவிக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032. அது கிடைக்கும்வரை சாவியையே ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் ஏற்றுக்கொள்ளும். சிலவற்றில் சாவியை வைக்கத் தனி இடம் உண்டு, காருடன் வந்த கையேட்டில் இருக்கும்.

அடுத்து பெட்ரோல். கதவைச் சாத்தி, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, செல்ஃப் அடிக்காமல் சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்புங்கள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு வினாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். டேங்கிற்குள் இருக்கும் பம்ப் குழாயில் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. கேட்கவில்லை என்றால் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து பம்பின் ஃபியூஸைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ரிலே. ஹாரனுக்கும் பம்புக்கும் ஒரே எண்ணுள்ள ரிலே போட்டிருக்கும் கார்கள் பல. இரண்டையும் இடம் மாற்றி மாட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால், பல மாதம் அசையாமல் கிடந்ததில் பம்ப் இறுகியிருக்கலாம். ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றொருவர் டேங்கின் அடிப்பக்கத்தை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் சில பம்புகள் விட்டுக்கொடுக்கும்.

பம்ப் ஓடுகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, தீப்பொறி இல்லை. அல்லது பலமுறை செல்ஃப் அடித்ததில் சிலிண்டரில் பெட்ரோல் தேங்கிவிட்டது. காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. தேங்கிய இன்ஜினுக்கு எளிய மருந்து உண்டு: ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு வினாடி செல்ஃப் அடிப்பது. பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும், சிலிண்டர் உலர்ந்துவிடும். தீப்பொறி வருகிறதா என்று காயிலைக் கையில் பிடித்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பல ஆயிரம் வோல்ட் அது.

செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள்ளையும் ஒரு கண் பாருங்கள். பல கார்களில் அது சற்றாவது மேலே எழும்பும். அசையவே இல்லை என்றால், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம். அதன் ஒயர் இன்ஜினின் கீழ்ப்பகுதியில் ஓடுகிறது. எலிக்கு எட்டுகிற இடம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி பிளக்கில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் பி0335 என்ற பிழை எண் வரலாம். எண் வந்ததும் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். ஒயரை முழு நீளமும் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் கெட்டுப்போகுமா?

போகும், ஆனால் பலர் பயப்படும் வேகத்தில் இல்லை. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முதலில் தீப்பிடிக்க உதவுவது. நிற்க நிற்க அது பறந்துவிடும். மிஞ்சியது ஆக்ஸிஜனோடு சேர்ந்து பிசினாகி இன்ஜெக்டரில் படியும். மூடிய டேங்கில் மூன்று மாதம்வரை கவலை இல்லை. ஆறு மாதம் தாண்டினால், டேங்கில் குறைவாக இருந்ததென்றால் அதே அளவோ அதற்கு மேலோ புது பெட்ரோல் ஊற்றி எடுக்கலாம். வருடம் தாண்டி, வார்னிஷ் மாதிரிப் புளித்த வாடை வந்தால் இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுவதே நல்லது.

2023 முதல் நாட்டில் பரவி, இன்று பங்க்குகளில் பெரும்பாலும் கிடைக்கும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும்; பம்ப் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியிலிருந்துதான். மூடி சரியாக இருக்கும் டேங்கில் காற்றின் ஈரத்தால் மட்டும் இந்த நிலை வருவது அரிது. மூடியின் ரப்பர் வெடித்து மழைநீர் இறங்கியிருந்தால் நிச்சயம் வரும். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் இரண்டு அடுக்காகத் தெரியும். இ20-க்கென்று வடிவமைக்கப்படாத பழைய கார்களில் எரிபொருள் ரப்பர் குழாய்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்களுடையது சிஎன்ஜி கார். பெட்ரோல் கெடுவதால் எங்களுக்கு என்ன?

உங்களுக்குத்தான் அதிகம். பெரும்பாலான சிஎன்ஜி கார்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகுதான் கேஸுக்கு மாறுகின்றன. தினமும் ஓடும் சிஎன்ஜி காரில்கூட அடியில் கிடக்கும் சில லிட்டர் பெட்ரோல் மாதக்கணக்கில் பழையதாகவே இருக்கும். நிற்கும் வண்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கேஸ் நிறைய இருந்தும் எடுக்காத வண்டிக்கு ஐந்து லிட்டர் புது பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள்.

டீசல் காருக்கும் இதே முறைதானா?

பேட்டரிவரை இதேதான், டீசல் இன்ஜினைச் சுற்ற இன்னும் அதிக மின்சாரம் வேண்டும் என்பதால் அங்கே பேட்டரியின் குறை முன்னதாகவே தெரியும். அதற்குப் பிறகு தண்ணீரும் காற்றும் பார்க்க வேண்டும். ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புச் சளியாக ஃபில்டரை அடைப்பதும் உண்டு. குழாயில் காற்று புகுந்திருந்தால் ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அழுத்தி ஏர் லாக்கை எடுக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலத்து டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்திக்கொண்டே செல்ஃப் அடித்துக் காற்றை வெளியேற்றுவார்கள். அந்தப் பழக்கத்தில் இன்றைய காமன் ரெயில் இன்ஜினிலும் கை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழாயில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் ஏறும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். விரலை, கையை இழக்க நேரிடும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

அப்பா வைத்திருந்த பழைய கார்பரேட்டர் காரை எடுக்க ஆசை. முடியுமா?

மற்றவற்றைவிட எளிது. அம்பாசிடரோ, கார்பரேட்டர் வைத்த மாருதி 800-ஓ, அதில் கோளாறு சொல்லும் கம்ப்யூட்டரும் இல்லை, கோளாறாகும் கம்ப்யூட்டரும் இல்லை. கார்பரேட்டரின் சிறு தொட்டியில் பெட்ரோல் வற்றி ஜெட் துளைகளில் பிசின் அடைத்திருக்கும்; கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும். பம்பின் ரப்பர் தகடு காய்ந்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். ஏர் ஃபில்டரைத் திறந்துபோட்டுப் பெட்ரோலை நேராக ஊற்றிக்கொண்டு செல்ஃப் அடிக்காதீர்கள். இன்ஜின் திருப்பி அடித்தால் தீ முகத்துக்கு வரும்.

வண்டி நின்ற தெருவில் மழையின்போது தண்ணீர் ஏறியதாகச் சொல்கிறார்கள்.

அப்படியானால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். சென்னை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பார்த்த பாடம் இது. காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால், தண்ணீரை அமுக்க முடியாததால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். செல்ஃப் அடித்த ஒரு நொடியில் சில ஆயிரம் ரூபாய் வேலை லட்ச ரூபாய் வேலையாகிவிடும். கார்ப்பெட்டைத் தூக்கிச் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள்; சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் நனைந்த உயரம்வரை கறை தெரியும். இருந்தால் இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொல்லி, தூக்கிச் செல்லும் வண்டியில் அனுப்புங்கள். வெள்ளத்துக்குப் பின் ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்கு, 'இன்ஜின் பாதுகாப்பு' என்ற கூடுதல் சேர்க்கை எடுத்திருந்தாலொழியப் பெரும்பாலும் பணம் கிடைக்காது.

ஒருவழியாக எடுத்துவிட்டது. உடனே ஓட்டலாமா?

ஆயில் விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். சில வினாடியில் அணையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரை உறுமவிடாமல் சில நிமிடம் ஓடட்டும். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. கியர் போட்டும் நகரவில்லை என்றால் ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்றதில் பின்சக்கர பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் 'டக்' என்று விடும். வேகமெடுப்பதற்கு முன் பிரேக்கைச் சோதித்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொன்னால் போதாதா?

காவலாளியிடமோ பக்கத்து வீட்டாரிடமோ சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போவது இதைத்தான். அது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது. செல்ஃப் எடுத்த மின்சாரம் ஐந்து நிமிட ஐடிலில் திரும்பி வராது. ஆயில் சூடேறாததால் எரிதலில் உண்டாகும் நீர் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்ட ஆள் இல்லையென்றால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, டயரில் காற்று நிரப்பி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுப் போங்கள். உறைக்குள் எலி நுழையாமல் காக்க நாஃப்தலீன் உருண்டையையும் புகையிலையையும் நம்பி இருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து வைத்து வெளிச்சம் காட்டச் சொல்வது அதைவிடப் பலன் தரும்.

மெக்கானிக் சொல்வது சரிதானா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"எதை அளந்தீர்கள், எவ்வளவு காட்டியது?" என்று கேளுங்கள். பேட்டரி என்றால் வோல்ட், பம்ப் என்றால் அழுத்தம், சென்சார் என்றால் ஸ்கேனரில் வந்த எண். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். மீட்டரை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். கழற்றிய பழைய பொருளை வாங்கிப் பாருங்கள். முதலில் ஒன்று, அது சரிவராவிட்டால் இன்னொன்று என்று மாற்றிக்கொண்டே போகிறவரிடமிருந்து வண்டியை எடுத்துவிடுவது நல்லது.

பட்டறைக்கு நானே ஓட்டிச் செல்லலாமா?

முதலில் இன்ஷூரன்ஸ் தேதியைப் பாருங்கள். நின்ற மாதங்களில் காலாவதியாகியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவின்படி அந்த வண்டி பொது ரோட்டில் இறங்கக் கூடாது. பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் சிறியது, வழியில் யார்மேலாவது மோதிவிட்டால் நஷ்ட ஈடு முழுதும் உங்கள் தலையில் விழும். புகைச் சான்றும் காலாவதியாகியிருக்கக்கூடும். புதுப்பிக்கும்வரை மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் தூக்கிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.